செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

கல்லேரிப்பட்டில் சௌந்தரத்தின் வீட்டுக்கு வழி கேட்டால், கேட்டவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். "செவ்வாக்கெழம சௌந்தரமா? தண்ணி டேங்கத் தாண்டி மூணாவது வூடு." ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர் அது. அங்கே இன்னும் இரண்டு சௌந்தரம் உண்டு; கிழமையோடு சேர்த்துக் கூப்பிடப்படுகிறவள் இவள் ஒருத்திதான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. ஐம்பதைத் தாண்டிவிட்டாள். குட்டையான உருவம், பெரிய குரல். தப்பு என்று பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவாள். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது, மீதிப் பேருக்குப் பயம்.

இந்தப் பெயர் அவளுக்கு வந்ததே அவள் அண்ணன் கோதண்டபாணியால்தான். கிழமையைத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

தொண்ணூற்றாறாம் வருஷக் கடைசியில் அவர்கள் அப்பா செத்துப்போனார். இரண்டரை ஏக்கர் நிலமும் ஒரு பெரிய கிணறும் விட்டுப்போனார். நிலம் என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆற்றோரத்துத் தோல் ஷாப்புகளில் தோலை ஊறவைத்து, கழுவி, சாயம் போட்டுவிட்டுக் கொட்டிய தண்ணீரெல்லாம் ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து ஆற்று மணலில் இறங்கி, அங்கிருந்து கிணறுகளுக்கு வந்து சேர்ந்திருந்த காலம் அது. கிணற்றுத் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நெல் போட்ட இடத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து நின்றது.

பெண்பிள்ளைக்கும் சமமாகப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் எண்பத்தொன்பதில் சட்டம் வந்திருந்தது. சௌந்தரத்துக்குக் கல்யாணம் ஆனது அதற்கு அப்புறம். ஆகவே அவள் கையெழுத்துப் போடாமல் கோதண்டபாணியால் எதையும் தன் பேருக்கு மாற்ற முடியவில்லை. உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து, "பொண்ணுக்கு ஏதோ கொஞ்சம் குடுத்துடுப்பா, பேஜார் இல்லாம முடியட்டும்" என்றார்கள். அவர் ரொம்ப யோசிக்கவில்லை. நிலத்தின் கடைக்கோடியில், உப்பு அதிகமாகப் பூத்திருந்த மூலையில் பத்து சென்ட். நாறுகிற கிணற்றில் வாரத்துக்கு ஒரு நாள் முறை, அதாவது அந்த ஒரு நாள் தண்ணீர் அவளுக்கு. கிணற்றடியிலிருந்து அவர் நிலத்தின் நடுவாக அந்த மூலை வரைக்கும் வாய்க்கால் பாத்தியம், அதாவது அவர் மண்ணின் மேல் தண்ணீர் கொண்டுபோகும் உரிமை.

"எந்த நாளு?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"செவ்வாக்கெழம எடுத்துக்க" என்றார் அண்ணன். நல்ல காரியம் எதையும் யாரும் தொடங்காத கிழமை. பதிவு ஆபீஸ் வாசலில் நின்றிருந்த நாலைந்து பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். குடிக்கக் குளிக்க ஆகாத தண்ணீருக்கு முறை என்ன, கிழமை என்ன!

சௌந்தரம் சிரிக்கவில்லை. பத்திரம் எழுதுகிறவரிடம் போய் நின்றாள். "செவ்வாக்கெழமன்னு எழுதுங்க. வாய்க்காலயும் வுட்டுடாம எழுதுங்க. எங்க ஆரம்பிச்சி எங்க முடியுதுன்னு எழுதுங்க" என்றாள். அவளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. சமபாகம் வரவேண்டியவளுக்குச் சாக்கடையைப் பங்கு வைத்துவிட்டுச் சிரிக்கிறார்களே என்கிற ஆத்திரம்தான். கொடுப்பதாகச் சொன்னதில் ஒரு துளிகூடக் குறையக்கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் இவளைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. அப்பா செத்த வருஷம்தான் டெல்லிப் பெரிய கோர்ட்டு, தண்ணீரைக் கெடுத்தவன்தான் அதற்கு ஈடு கட்டவேண்டும் என்று இந்தப் பக்கத்துத் தோல் ஷாப்புகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அடுத்த சில வருஷங்கள் அதிகாரிகள் வருவதும், எந்த நிலம் கெட்டது என்று பார்ப்பதும், ஊர்க்காரர்களை வேலூருக்கு வரச்சொல்வதுமாகப் போயின. சௌந்தரமும் தன் பத்து சென்ட்டுக்காகப் போனாள். அவளுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லி இந்தக் கதையைக் கெடுக்க வேண்டாம். ஆனால் அங்கே டீக்கடையில் ஒரு வக்கீல் யாரோ ஒரு விவசாயியிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "பாத்தியத்த இருபது வருஷம் அனுபவிக்காம வுட்டீங்கன்னா அது தன்னால போயிடும்யா. சட்டம் அப்படி."

இவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். முழுசாகக் கேட்டிருக்கலாம், இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது. ஒரு வாரம் தவறினாலும் போச்சு என்று அவளாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

அதிலிருந்து தொடங்கியது. செவ்வாய்க்கிழமை ஆனால் கரண்ட் வருகிற நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போவாள். அப்பா காலத்து மோட்டாரைப் போடுவாள். பழுப்புத் தண்ணீர் நுரையோடு தொட்டியில் கொட்டி, வாய்க்காலில் இறங்கி, அண்ணன் நிலத்தின் நடுவே ஊர்ந்து, அவளுடைய பத்து சென்ட்டில் போய்ப் பரவும். அங்கே ஒரு புல்லும் கிடையாது. வெறும் மண்ணுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். நாற்றம் ஊர் வரைக்கும் வரும். "செவ்வாக்கெழம ஆரம்பிச்சிட்டாடா" என்று ஜன்னலைச் சாத்துவார்கள்.

அவள் வீட்டுக்காரர் சம்பங்கி லோடு ஏற்றுகிற வேலைக்குப் போகிற சாது. "ஊர்ல பொம்பளைங்க செவ்வாக்கெழமைல கோயிலுக்குப் போறாங்க. நீ இன்னாடான்னா நாத்தத் தண்ணிக்குப் போற" என்று தலையில் அடித்துக்கொண்டார். மகள் தமிழினி ஒரு திங்கட்கிழமை ஆம்பூர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். மறுநாள் காலையில் பிள்ளை பெற்றவள் கட்டிலில் படுத்தபடியே, "இன்னிக்கு இன்னா கெழம?" என்று கேட்டதும் மனிதர் பேச்சை வளர்க்காமல் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு மோட்டார் போட்டவர் சம்பங்கிதான்.

கம்பெனியில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்பாள். புதுசாக வருகிற ஒவ்வொரு சூப்பர்வைசரும் முதல் மாதம் கத்துவார், இரண்டாவது மாதம் சம்பளத்தில் பிடிப்பார், மூன்றாவது மாதம் விட்டுவிடுவார். "எதுக்கும்மா பர்மிஷன்?" என்று கேட்டால், "என் சொத்த அனுபவிக்கணும் சார்" என்பாள். லைன் முழுக்கச் சிரிப்பு கேட்கும்.

கோதண்டபாணிக்குத்தான் பொறுக்கவில்லை. இருக்கிற நிலத்தில் ஒரு ஓரமாகக் கேழ்வரகாவது போடலாம் என்று பார்த்தார். வாய்க்கால் ஓரத்துப் பயிரெல்லாம் வெந்து கருகிப்போயிற்று. சொல்லிப்பார்த்தார், கெஞ்சிக்கூடப் பார்த்தார். பிறகு ஒரு நாள் மண்வெட்டியை எடுத்துப்போய்க் கரையை உடைத்தார். அவள் கட்டினாள். மறுபடி உடைத்தார். மறுபடி கட்டினாள். கடைசியில் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஒரே தெருவில் இருந்துகொண்டு அண்ணனும் தங்கையும் இருபது வருஷத்துக்கு மேல் முகம் பார்க்கவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அண்ணன் வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு முறையும் நடையைக் குறைத்துவிட்டுப் பிறகு வேகமாகப் போவாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமையை விடவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. வாழ்நாளில் அந்த ஆற்றில் மணலையும் முள்ளையும் மட்டுமே பார்த்தவர்கள் பாலத்தின்மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிணறு நிரம்பி, நிலமெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றது. மோட்டார் முழுகிவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை சௌந்தரம் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டோடு போனாள். கிணற்றில் மொண்டு, வாய்க்கால் இருக்கவேண்டிய இடத்தில், தண்ணீருக்குள்ளேயே தண்ணீரை ஊற்றினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இவளுக்கு முற்றிப்போய்விட்டது என்றே நினைத்தார்கள்.

வெள்ளம் வடிந்தது. சேற்றை அலசி மோட்டாரை மறுபடி ஓட விட்ட நாளில் தொட்டியில் விழுந்த தண்ணீர் வேறாக இருந்தது. ஷாப்புகள் கழிவைச் சுத்தம் பண்ணித்தான் வெளியே விடவேண்டும் என்று ஆகிச் சில வருஷங்கள் கழிந்திருந்தன. அதன் மேல் இந்த வெள்ளம் வேறு வந்து அடிமண்ணையே கழுவிவிட்டிருந்தது. தண்ணீர் தெளிந்து வந்தது. அவள் உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தாள். லேசாக உப்புக் கரித்தது, அவ்வளவுதான். கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு நன்றாகவே அழுதாள். அடுத்த வாரமே ஆலங்காயம் சந்தையிலிருந்து இரண்டு தென்னங்கன்றும் ஒரு முருங்கைப் போத்தும் வாங்கிவந்து நட்டாள். வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரைக் குடித்துக் கிடந்த மண்ணில் முருங்கை துளிர்த்தது.

நல்ல தண்ணீர் வந்தால் அதன் பின்னாலேயே ஆளும் வருவான். சூரியபிரகாஷ் என்று ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், வேலூரில் நாலு டேங்கர் லாரி ஓட்டுகிறவன். கல்யாண மண்டபம், ஹோட்டல், அடுக்குமாடி வீடு என்று தண்ணீர் சப்ளை. கோதண்டபாணியின் நிலத்தைப் பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுத்து, நிலத்தையும் தன் கைக்கு வாங்கிக்கொண்டான். நடுவில் ஆழ்குழாய்க் கிணறு, பக்கத்தில் கேன் தண்ணீர் அடைக்கிற ஷெட், தார் ரோட்டிலிருந்து உள்ளே லாரி வர ஒரு வழி என்று அவன் திட்டம். வீட்டுக்கு வாரம் ஒரு கேன் சும்மா தருவதாக ஊரில் சொல்லிவைத்தான். ஊரும் தலையாட்டியது. லாரி வழிக்குக் குறுக்கே சௌந்தரத்தின் வாய்க்கால் கிடந்தது. ஒரு புதன்கிழமை ஜேசிபியைக் கொண்டுவந்து அதை மூடி, மேலே கிராவல் கொட்டிச் சமப்படுத்திவிட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் வந்தபோது, புது ரோட்டின் நடுவில் ஒரு பெண்பிள்ளை குனிந்து மண்ணை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா இது? ரோட்டப் போய் வெட்டிக்கினு இருக்கறீங்க?"

"ரோடு எங்க தம்பி இருக்குது? இது வாய்க்கா. மேல மண்ணு வுழுந்திருக்குது, அள்ளிப் போடறேன்."

அவன் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளும் இல்லை. "அம்மா, உங்களுக்குத் தண்ணிதான போவணும்? அடில ஒரு குழா பொதச்சிக் குடுத்துடறேன். மேல லாரி போவட்டும், கீழ உங்க தண்ணி போவட்டும். யாருக்கும் நஷ்டம் இல்ல" என்றான்.

"வேணாம்பா. குழாக்குள்ள போச்சின்னா போவுதா இல்லயான்னு எவனுக்குத் தெரியும்? என் தண்ணி கண்ணுக்குத் தெரிஞ்சி போவணும்."

"சரி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நான் போடப் போற போர் ஆயிரம் அடி. ஓட ஆரம்பிச்சா உங்க கெணத்துல ஒரு வருஷத்துல தண்ணி இருக்காது. அப்ப இந்த வாய்க்கால வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க? என் நெலத்துக்கு அடியில இருக்கற தண்ணி எனக்குச் சொந்தம். சட்டமே அதான். போய் யாரை வேணா கேளுங்க."

மிரட்டுகிற குரலில் இல்லாமல், நியாயம் சொல்கிற குரலில் சொன்னான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேக்கறேன்டா. கேட்டுட்டு வர்றேன்" என்று மண்வெட்டியை அங்கேயே ஊன்றிவிட்டு வாணியம்பாடிக்கு பஸ் ஏறினாள்.

கோர்ட்டுக்கு எதிரில் ஷஹீன் பானு என்ற வக்கீல் இருந்தார். மேல்விஷாரத்துக்காரர். நாற்பது வயது, வேகமான பேச்சு. "எங்க அத்தா தோல் ஷாப்லதான் வேல பாத்தாரு. இத மொதல்லயே சொல்லிடறேன், அப்பறம் யாராவது வந்து சொன்னா மனசு சங்கடப்படாதீங்க" என்று ஆரம்பித்தார். சௌந்தரத்துக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது. நடந்ததைக் கொட்டினாள்.

ஷஹீன் பானு கேட்டுவிட்டு, "அவன் சொன்னது பொய் இல்லம்மா" என்றார். "ஆயிரத்து எண்ணூத்தி எம்பத்திரண்டுல வெள்ளக்காரன் போட்ட சட்டம். நெலம் யாருதோ, அடியில ஊர்ற தண்ணிய அவன் எவ்ளோ வேணா எடுத்துக்கலாம். பக்கத்துக் கெணறு காஞ்சா கேள்வி கெடயாது. நெலமே இல்லாதவனுக்குப் பூமிக்குக் கீழ ஒரு சொட்டும் கெடயாது."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஏரித் தண்ணிக்கும் கால்வாய்த் தண்ணிக்கும் முறை வெச்சி வுட்டுக்கினு இருந்தாங்க. அதுலயும் எல்லாரும் சமம் கெடயாது. கீழ்ச்சாதிக்காரனுக்கு முறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்பறம் சர்க்கார் வந்து ஆறும் ஏரியும் என்னுதுன்னுச்சி. மைசூரும் மெட்ராசும் இந்தப் பாலாத்த வெச்சி ஒப்பந்தம் போட்டுக்கிச்சிங்க. ஆத்தங்கரைல இருக்கற ஒங்களையும் என்னையும் யாரு கேட்டா? சொதந்திரம் வந்து எழுபத்திநாலுல, தண்ணிய அசுத்தம் பண்ணாதன்னு சட்டம். அத்த வெச்சிக்கினே இருபது வருஷம் அசுத்தம் பண்ணாங்க. ரெண்டாயிரத்து மூணுல நம்ம கவர்மெண்டு நெலத்தடித் தண்ணிக்குன்னு தனிச் சட்டம் கொண்டாந்திச்சி. நடமுறைக்கே வராம பதிமூணுல அத்த ரத்து பண்ணிட்டாங்க. தண்ணி எல்லாருக்கும் பொது, அரசாங்கம் வெறும் காவக்காரன்னு கோர்ட்டு அழகழகா எழுதியிருக்குது. போருக்கு லைசென்ஸ் வாங்கணும்னு உத்தரவெல்லாம்கூட இருக்குது. ஆனா அடில, பழைய சட்டம் அப்படியே ஒக்காந்திருக்குது."

"நூத்தி நாப்பது வருஷமாவா?"

"ஆமா."

"அந்தச் சட்டத்துல எனக்குன்னு ஒரு வரிகூடவா இல்ல?"

ஷஹீன் பானு முதல் தடவையாகச் சிரித்தார். "இருக்குது. அதே சட்டத்துல. அடுத்தவன் நெலத்து மேல தண்ணி கொண்டுபோற பாத்தியம் ஒங்களுக்கு இருந்தா, நெலம் எத்தன பேர் கை மாறினாலும் வாங்கறவன் அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்கணும். மூடக் கூடாது, அடைக்கக் கூடாது. ஆனா இருபது வருஷம் நீங்க தண்ணி வுடாம இருந்தீங்கன்னா அது செத்துப்போயிருக்கும். கெணத்துத் தண்ணிதான் நாறிப்போச்சே, நீங்க எங்க வுட்டிருக்கப் போறீங்க..."

"ஒரு செவ்வாக்கெழமகூட வுடலம்மா நானு" என்றாள் சௌந்தரம்.

முதலில் வக்கீலுக்குப் புரியவில்லை. புரிந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆஸ்பத்திரி, பர்மிஷன், வெள்ளம், பக்கெட் எல்லாவற்றையும் கேட்டார். "சௌந்தரம்மா, கெணத்துல ஒங்க முறை ஒங்க பாகம். அது எத்தன வருஷமானாலும் போவாது. வாய்க்காலுக்கு மட்டுந்தான் அந்தக் கெடு. அதுகூட வாரா வாரம் வுடணும்னு இல்ல. இருபது வருஷத்துல ஒரே ஒரு நாள் வுட்டிருந்தாலே போதும்."

சௌந்தரத்துக்குச் சுருக்கென்றது. "அத்த அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா பிரசவத்துக்கு மறுநாளாவது அந்த மனுஷன நிம்மதியா வுட்டிருப்பேனே!" என்றாள். பிறகு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

வழக்குப் போட்டார்கள். முடியும் வரை வாய்க்காலில் யாரும் கை வைக்கக்கூடாது என்று தடை கிடைத்தது. லாரி உள்ளே வர முடியவில்லை. சூரியபிரகாஷும் கோதண்டபாணியும் பதில் மனு போட்டார்கள். கிணறு கெட்டுப்போன நாளிலிருந்து அந்த வாய்க்காலில் தண்ணீரே போகவில்லையாம். தண்ணீர் நல்லதாக ஆன பிறகு, நிலம் விலைபோவதைக் கெடுக்கத்தான் இவள் புதுசாக மோட்டார் போட ஆரம்பித்தாளாம்.

"இதென்ன பெரிய விஷயம், ஊரே சாட்சி" என்று சௌந்தரம் வீடு வீடாகப் போனாள். அங்கேதான் அவளுக்கு நிஜமான அடி விழுந்தது. இருபத்தைந்து வருஷம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஞாபக மறதி வந்திருந்தது. "நாங்க வேலைக்குப் போறவங்க, எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார்கள். "சரியா ஞாபகம் இல்லியே" என்றார்கள். கேன் தண்ணீர் எப்போது வரும் என்று அவளிடமே ஒருத்தி கேட்டாள். சம்பங்கி சாட்சி சொல்லத் தயார். ஆனால் கட்டின புருஷன் சொல்வதை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகமுடியும்? கேலி பண்ணினபோதுகூட அவள் இவ்வளவு நொந்ததில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "வுட்டுடலாமா?" என்று சம்பங்கி மெதுவாகக் கேட்டார். "நாளைக்கு இன்னா கெழம?" என்றாள். செவ்வாய்தான்.

எதிர்த்தரப்பின் பெரிய சாட்சி கோதண்டபாணி. வெள்ளைச் சட்டை, விபூதி, கையில் மடித்த துண்டோடு கூண்டில் ஏறினார். அவர்கள் வக்கீல் நன்றாகச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருந்தார். வெள்ளம் வருகிற வரைக்கும் இருபத்தைந்து வருஷமாக அந்த வாய்க்காலில் தண்ணீரே போகவில்லை என்று தடுமாறாமல் சொன்னார். சௌந்தரம் பெஞ்சில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஷஹீன் பானு எழுந்தார். வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஐயா, ஒங்க தங்கச்சி கூடப் பேச்சுவார்த்தை உண்டா?"

"இல்லிங்க."

"எத்தன வருஷமா?"

"அது ஆச்சிங்க, இருபது வருஷத்துக்கு மேல."

"கூடப் பொறந்தது ஒரே ஒரு தங்கச்சி. அவங்களுக்குச் சேர வேண்டிய பாகத்த ஏமாத்திட்டு, பேச்சையும் நிறுத்தி ஒதுக்கி வெச்சிட்டீங்கன்னு சொல்றேன். சரிதான?"

கோதண்டபாணியின் முகம் சிவந்தது. "ஏமாத்தினேனா? யாரு சொன்னது? ஒதுக்கினது நானா?"

"அப்ப ஏன் பேசல?"

"எப்படிங்க பேசறது? இருபத்தஞ்சு வருஷமா இவ எனக்குப் பண்ண கொடும ஒங்களுக்குத் தெரியுமா? வாரம் தவறாம செவ்வாக்கெழமன்னா அந்த நாத்தத் தண்ணிய என் நெலத்துல நடுவால வுட்டா! கேவுரு போட்டேன், வெந்துபோச்சி. கரைய ஒடச்சேன், கட்டிட்டா. மறுபடி ஒடச்சேன், மறுபடியும் கட்டிட்டா. ரெண்டாயிரத்து எட்டுல எங்கம்மா கருமாதிங்க. செவ்வாக்கெழம. சொந்தக்காரங்க எல்லாம் எலைல ஒக்காந்திருக்கறாங்க. இவ போய் மோட்டாரப் போட்டுட்டு வர்றா! நாத்தம் தாங்காம பாதிப் பந்தி எழுந்து போச்சிங்க. அவளுக்கும் அது அம்மாதான? நீங்களே சொல்லுங்க, இவகூட மனுஷன் பேசுவானா?"

அவர்கள் வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி நிமிர்ந்தார். "எந்த வருஷம் சொன்னீங்க?"

"ரெண்டாயிரத்து எட்டுங்க ஐயா. ஆடி மாசம். ஊரையே கேளுங்க, நான் பொய் சொல்லல" என்றார் கோதண்டபாணி. இத்தனை வருஷ ஆற்றாமையைக் கேட்க கடைசியில் ஒரு பெரிய மனிதர் கிடைத்துவிட்டார் என்று அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்த மாதிரி இருந்தது. ஷஹீன் பானு வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

சௌந்தரத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. கருமாதி அன்றைக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு ஈரக் காலோடு வந்து அம்மா படத்துக்கு முன்னால் நின்றதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அம்மாவிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள், நான் விடமாட்டேன் என்று. அதைக் கோர்ட்டில் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

சூரியபிரகாஷ் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஒடுகத்தூர்ப் பக்கம் வேறு நிலம் பிடித்து, போர் போட்டு, லாரி ஓட்டுகிறான். அங்கே குறுக்கே வாய்க்கால் எதுவும் இல்லை போலிருக்கிறது. பழைய சட்டம் பழையபடியேதான் இருக்கிறது. சௌந்தரம் அதை ஷஹீன் பானுவிடம் ஒரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். "அப்ப நாளைக்கு இன்னொருத்தன் வருவான்?" "வருவான்மா." "வரட்டும்" என்றாள்.

தீர்ப்பு சொன்ன நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்துவிட்டது. அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. நடுப்பகலில் வக்கீலிடமிருந்து போன் வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "ஒண்ணும் கேக்கல வக்கீலம்மா! தண்ணி போய்க்கினு இருக்குது, அப்பறம் பேசறேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். தென்னை இரண்டும் ஆள் உயரத்துக்கு வந்திருந்தன. முருங்கையைச் சுற்றி மண் அண்டை கட்டிக்கொண்டிருந்தபோது தண்ணீர் வருவது குறைந்தது. எங்கேயாவது உடைந்திருக்கும் என்று மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரமாகவே நடந்தாள்.

நடுவில் கோதண்டபாணி நின்றிருந்தார். கோர்ட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார். அதே வெள்ளைச் சட்டை, கையில் செருப்பு. மெலிந்துபோயிருந்தார்.

"கேஸு ஒன் பக்கம் ஆயிடுச்சி" என்றார். இருபது வருஷத்துக்கு அப்புறம் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன. கோர்ட்டுல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கையிலிருந்த செருப்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "நெலத்த இனிமே எவன் வாங்கப் போறான்? தீவனப் புல்லாவது வெக்கலாம்னு பாக்கறேன். வெள்ளிக்கெழமைல நான் மோட்டார் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்.

சௌந்தரம் அவரை நன்றாகப் பார்த்தாள். "மீதி ஆறு நாளும் ஒன்னுதுதான? என்கிட்ட எதுக்குக் கேக்கற?"

அவர் கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வாய்க்கால்ல நிக்கற அண்ணா" என்றாள். "நவுரு."